பிரிட்ஜில் ஒட்டியிருந்த படிவம்



இந்த மாதம் அரைத்தவணை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கே போகலாம் என்று எழுதுவதாகத்தான் இருந்தேன். அதற்கிடையில் எங்கள் வீட்டுப் பிரிட்ஜில் ஒட்டியிருந்த ஒரு படிவத்தால் கதை வேறு பக்கம் போய்விட்டது.

மகளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது. எட்டாம் வகுப்பு. அவளுடைய சிநேகிதி ஒருத்தி எயர் கடெட்ஸில் சேர்ந்திருக்கிறாள். கூடாரம் அடித்துத் தங்கலாமாம், முதலுதவி பழகலாமாம், எல்லாத்துக்கும் மேலாக உண்மையான விமானத்தில் ஏற்றுவார்களாம். "அம்மா, நானும் சேரட்டா?" என்று மூன்று கிழமையாக ஒரே கேள்வி. பெற்றோர் கையெழுத்துப் போடவேண்டிய தாளை அவளே அச்சடித்து, பால் எடுக்கப் போகும்போது கண்ணில் படுகிற மாதிரி ஒட்டிவைத்தாள். இவரும் நானும் கதைத்து, சரி என்றுதான் முடிவெடுத்திருந்தோம்.

அம்மாவிடம் கேட்கவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை. அம்மா எங்களோடுதான் இருக்கிறா. ஆர்ச்வேயில், மலை ஏற்றம் தொடங்குகிற இடத்தில் எங்கள் வீடு. வெள்ளிக்கிழமைகளில் ஆர்ச்வே வீதி வழியே ஹைகேற் முருகனிடம் போய்வருவா. வீட்டில் என்ன கடிதம் வந்தாலும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்ப்பா.

"உது என்ன பிள்ளை, ஆமிக்காரற்ற விசயமோ?"

"ஆமி இல்லை அம்மா. எயர்ஃபோர்ஸ். சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கம் மாதிரி."

"எயர்ஃபோர்ஸோ" என்றா. அதற்குப் பிறகு ஒரு கதையும் இல்லை. இரவு தண்ணீர் எடுக்கப் போனபோது பார்த்தேன். படிவம் அங்கேதான் இருந்தது. எழுத்துப் பக்கம் பிரிட்ஜைப் பார்த்தபடி, கவிழ்த்து ஒட்டப்பட்டிருந்தது.

உங்களில் பலருக்கு இதை விளக்கத் தேவையில்லை. நாங்கள் 1991-இல் இங்கே வந்தபோது எனக்கு நாலு வயது. யாழ்ப்பாணத்தைப் பற்றி எனக்கு இருக்கிற ஞாபகங்கள் கொஞ்சம்தான். பங்கருக்குள் ஈரமண் மணம், மேலே அடுக்கியிருந்த பனங்குத்திகள், என் இரண்டு காதுகளையும் பொத்திய அம்மாவின் கை. 1990-இல் கோட்டையைச் சுற்றிச் சண்டை நடந்த மாதங்கள் அவை. பொம்மர், ஹெலி, அவ்ரோ, சியாமாசெட்டி என்று சத்தத்தை வைத்தே அம்மாவால் பெயர் சொல்ல முடியும். இன்றைக்கும் ஜூன் மாதம் மன்னரின் பிறந்தநாள் அணிவகுப்பில் விமானங்கள் பறப்பதை டிவியில் காட்டினால், எழும்பிப் போய்க் குசினியில் ஏதாவது வேலை தேடுவா.

மகளுக்கு இது ஒன்றும் தெரியாது. "அம்மம்மா என்னோட கோவமா?" என்று கேட்டாள். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

நான் மென்பொருள் எழுதுகிறவள். வேறு யாரோ எழுதிவைத்த பழைய கோடில் கைவைக்க முதல், அதை ஏன் அப்படி எழுதினார்கள் என்று தேடிப் பார்ப்பது வேலையில் வந்த பழக்கம். கையெழுத்துப் போட முதல் இந்தக் கடெட்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம் என்று இருந்தேன். பார்க்கப் பார்க்க, அது எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்துக்குள் நடந்த கதையாக இருந்தது.

எயர் ட்ரெயினிங் கோர் என்ற இந்த அமைப்பு 1941 பெப்ரவரி 5-ஆம் திகதி தொடங்கியது. இலண்டனில் இரவிரவாகக் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். விமானப்படைக்கு ஆட்கள் வேண்டும். பதினெட்டு வயதில் வந்து சேரும் பையன்களுக்குக் கணக்கும் திசையறிதலும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் பயிற்சிக் காலத்தை மிச்சம் பிடிக்கலாம். அதற்காகத்தான் பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளைப் பிடித்துப் பழக்கினார்கள்.

அந்தப் பையன்கள் பதினெட்டு வயதில் எங்கே போனார்கள்? பலர் போனது கிரிக்கெட் மைதானத்துக்கு. எங்கள் அப்பாமார் கும்பிடாத குறையாகச் சொல்லும் அதே லோர்ட்ஸ்! 1941 கோடையில் லோர்ட்ஸையும் ரீஜன்ற்ஸ் பார்க்கைச் சுற்றியிருந்த அடுக்குமாடி வீடுகளையும் எடுத்து, விமானிகள் வரவேற்பு நிலையம் ஒன்றைத் திறந்தது விமானப்படை. பழைய மட்டையாளர்களின் ஓவியங்கள் தொங்கும் நீள அறையில் பையன்களை வரிசையில் நிற்பாட்டி மருத்துவப் பரிசோதனை செய்தார்கள். சீருடை, ஊசி, அணிநடை, கணக்குப் பரீட்சை. பணக்காரர்களுக்குக் கட்டிய வீடுகளில் தளபாடம் இல்லாத அறைகளில் படுக்கை. சாப்பாடு எங்கே தெரியுமா? பக்கத்து மிருகக்காட்சிச்சாலையின் உணவகத்தில். போன வருசம் நாங்கள் பிறந்தநாளுக்குப் போய்ச் சிப்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்த அதே மிருகக்காட்சிச்சாலை!

தொப்பியின் முன்பக்கம் ஒரு வெள்ளைத் துணித்துண்டு செருகியிருந்தால் அவர் விமானிப் பயிற்சியில் இருப்பவர் என்று அர்த்தம். லோர்ட்ஸில் சில கிழமைகள் முடிந்ததும் ஆரம்பப் பயிற்சி. ரோர்க்கி, ஸ்கார்பரோ போன்ற கடற்கரை ஊர்களில் ஹோட்டல்களை எடுத்து வகுப்பு நடத்தினார்கள். அதற்குப் பிறகு டைகர் மொத் என்ற இரட்டைச் சிறகு விமானத்தில் பன்னிரண்டு மணித்தியாலம் அளவில் பறக்கவிட்டுப் பார்ப்பார்கள். கை சரியாக வந்தவர் விமானி. வராதவர் வழிகாட்டி, அல்லது குண்டு போடுபவர். ஆளை உள்ளே எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்து, தேறாதவரை வேறு பாதையில் திருப்பிவிடுவது. எங்கள் வேலையில் இதைத்தான் பைப்லைன் என்போம். மனிதப் பிள்ளைகளை வைத்து ஓடிய பைப்லைன்.

அடுத்த கட்டம் பெரும்பாலும் கடல் தாண்டி. பிரிட்டனில் மழையும் மூடுபனியும், போதாததுக்கு எதிரி விமானம் வேறு. பயிற்சிக்கு நல்ல வானம் தேவைப்பட்டது. 1939 டிசம்பர் 17-ஆம் திகதி கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி கனடா முழுக்கப் பயிற்சிப் பள்ளிகளைத் திறந்தார்கள். போர் முடியும்போது அங்கே பயிற்சி முடித்து வெளியேறியவர்கள் 1 இலட்சத்து 31 ஆயிரத்துக்கும் மேல். கனடாவில் இருக்கிற வாசகர்களுக்கு ஒரு தகவல்: முதலாம் இலக்க அடிப்படைப் பறப்புப் பயிற்சிப் பள்ளி இருந்த இடம் மோல்ட்டன். இன்று அது ரொறன்ரோ பியர்சன் விமான நிலையம். மாமா, மாமி வந்திறங்கும்போது நீங்கள் பூவோடு நிற்கிற இடம்தான்.

இதில் எங்கட நிறத்து ஆட்கள் இருந்தார்களா? மகள் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

போருக்கு முன்பு சட்டமே தடுத்தது. பிரிட்டிஷ் விமானப்படையில் அதிகாரியாக வேண்டுமென்றால் சுத்தமான ஐரோப்பிய வம்சாவளியாக இருக்கவேண்டும். ஆள் தேவைப்பட்ட 1939 அக்டோபரில்தான், போர்க்காலத்துக்கு மட்டும் என்று சொல்லி அதைத் தளர்த்தினார்கள். அதற்கு அடுத்த வருசம், 1940 அக்டோபரில், இந்தியாவில் ஏற்கெனவே பறக்கப் பழகியிருந்த 24 இளைஞர்கள் கப்பலில் வந்து இங்கே மேற்பயிற்சி எடுத்தார்கள். அவர்களில் ஒருவர் மகிந்தர் சிங் புஜ்ஜி. தலைப்பாகையோடுதான் பறப்பேன் என்று நின்று, அப்படியே ஹரிக்கேன் விமானத்தை ஓட்டியவர். 2010-இல் 92 வயதில் காலமானார். கிரேவ்செண்டில் அவருக்கு 2014-இல் சிலை வைத்தார்கள். அந்தப் பக்கம் கடைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

அதற்கும் முந்தியவர் இந்திரலால் ரோய். கல்கத்தாக்காரர், இலண்டனில் சென்ற் போல்ஸ் பள்ளிக்கூடத்தில் படித்தவர். முதலாம் உலகப்போரில் 1917-இல் சேர்ந்தார். அந்த டிசம்பரில் விமானம் விழுந்து, செத்துப்போனார் என்று சடலங்களோடு கிடத்திய இடத்திலிருந்து எழும்பி வந்தவர். திரும்பப் போய், 1918 ஜூலையில் இரண்டு கிழமைக்குள் பத்து வெற்றிகள் என்று கணக்கு. அதே ஜூலை 22-ஆம் திகதி வானத்தில் செத்தார். வயது 19. மகளை விட ஏழு வயதுதான் கூட.

இந்த இடத்தில்தான் நான் படிப்பதை நிற்பாட்டி, தேத்தண்ணி போட எழும்பினேன். பைப்லைனின் மறுமுனையில் என்ன நடந்தது என்பதையும் பார்க்கத்தானே வேணும். குண்டுவீச்சுப் படையில் மட்டும் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அதில் 55,573 பேர் திரும்பவில்லை. பெரும்பாலானோர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர்கள். எதிரியின் கண்ணிலேயே படாமல், பயிற்சியிலும் விபத்துகளிலும் செத்தவர்களே ஆயிரக்கணக்கில். கடைசிக் கட்டப் பயிற்சிக்குக் கொடுத்தது அநேகமாகப் போரில் ஓடித் தேய்ந்த பழைய விமானங்களை.

அந்தச் சனிக்கிழமை மகளை ஹெண்டன் விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதாக முடிவெடுத்தேன். உள்ளே போகக் காசு இல்லை. ஆர்ச்வேயில் ஏறி, கம்டன் ரவுணில் மாறி, கொலின்டேலில் இறங்கினால் சரி. அந்த நிலமே பழைய பறப்புப் பள்ளி. கிளோட் கிரஹாம் வைற் என்பவர் 1911-இல் விமானத் திடலும் பயிற்சிப் பள்ளியும் தொடங்கினார். 1914-இல் போர் வந்ததும் கடற்படையின் விமானப் பிரிவு அதை எடுத்து, தன் விமானிகளைப் பழக்கியது.

வெளிக்கிடும்போது அம்மா சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வாசலில் நின்றா.

"நானும் வாறன்."

"உங்களுக்கு ஏன் அம்மா?"

"பிள்ளை போற இடத்தை நான் பாக்கக் கூடாதோ?"

உள்ளே லங்காஸ்ரர் ஒன்று நிற்கிறது. 137 தடவை குண்டுபோடப் போய்த் திரும்பிய விமானம். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு குண்டு என்று முன்பக்கத்தில் வரிசையாகக் கீறியிருக்கிறார்கள். மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். அம்மா அதன் வயிற்றுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தா. கனநேரம் பார்த்தா.

"உது எவ்வளவு குண்டு கொண்டுபோகும்?"

மகள் பலகையை வாசித்து, ஆறாயிரம் கிலோவுக்கு மேல் என்றாள்.

"கீழ இருந்த சனத்துக்குப் பங்கர் இருந்ததோ?"

நான் பத்து இரவு தேடி வாசித்ததில் இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. நிலவறைகள் இருந்தன, ஆனால் காணவில்லை. 1943 ஜூலைக் கடைசியில் ஹாம்பர்க் நகரில் ஒரே கிழமைக்குள் செத்தவர்கள் 35,000-க்கும் மேல். பலர் நிலவறைக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்தார்கள். இந்தப் பக்கமும் அப்படித்தான். பிரிட்டனில் அந்த எட்டு மாதக் குண்டுவீச்சில் 40,000-க்கும் மேல் செத்தார்கள். எங்களுக்கு அடுத்த ஸ்டேசன் ஹைகேற். ரயில் நின்று ஆளேற்றத் தொடங்க முதலே சனம் அங்கே போய்ப் படுத்தது. டிவியில் பேர்பெற்ற ஜெரி ஸ்பிரிங்கர் பிறந்ததே போர்க்காலத்தில் அந்த ஸ்டேசனுக்குள்தான். இதை அம்மாவிடம் சொன்னேன். "அப்ப இவைக்கும் தெரியும்" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு மகள் லாப்டொப்பை எடுத்துக்கொண்டு அம்மாவின் கட்டிலில் ஏறி இருந்தாள். "அம்மம்மா, உங்கட ஊரில வந்த பிளேன் என்ன பேர்?" அம்மா என்னைப் பார்த்தா. பிறகு, "சியாமாசெட்டி" என்றா.

நானும் அந்தப் பெயரை ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. சின்ன வயதில் அது ஏதோ செட்டியாரின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். சியாய் மார்க்கெற்றி எஸ்.எஃப். 260. இத்தாலியில் செய்தது, முதலில் பறந்தது 1964-இல். உலகத்தில் பல நாடுகளின் விமானப்படைகள் அதை வாங்கியது, புதிதாக வரும் விமானிகளுக்குப் பறக்கப் பழக்கத்தான். அது ஒரு பயிற்சி விமானம். சிறகுக்குக் கீழே ஆயுதம் பூட்டவும் முடியும். இலங்கை விமானப்படை 1980-களின் நடுப்பகுதியில் அதை வாங்கிக் குண்டும் ரொக்கெற்றும் பூட்டி வடக்குக்கு அனுப்பியது.

மகள் வாசித்துச் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அம்மா கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா.

"பழகிறதுக்குச் செய்த பிளேனோ?"

"ஓம் அம்மா."

"எங்கட தலையிலயோ பழகினவை!"

சொல்லிவிட்டு அம்மா சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மகள்தான் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "பங்கர் எப்பிடி இருந்தது?" என்று கேட்டாள். அன்றைக்கு இரவு பத்து மணிவரை அந்தக் கட்டிலில் கதை நடந்தது. பங்கர் வெட்டிய ஆள் யார், பனங்குத்தி யாருடைய காணியில் தறித்தது, மழைக்குத் தண்ணி ஏறினால் என்ன செய்தது, என் காதைப் பொத்தினால் அம்மாவின் காதை யார் பொத்தியது. எனக்கே பாதி தெரியாது.

பலாலியைப் பற்றியும் சொன்னா. அந்த ஓடுபாதையை இரண்டாம் உலகப்போரில் போட்டதே பிரிட்டிஷ் விமானப்படை. போர் முடிய அது சனம் போய்வரும் விமான நிலையமாகி, பிறகு படைத்தளமாகி, சுற்றியிருந்த ஊர்ச் சனம் காணிகளை விட்டு எழும்பவேண்டி வந்தது. 2019 அக்டோபரில் திரும்பவும் சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்திறங்கியது. இலண்டனில் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் வரிசையில் நின்ற பையன்களின் படையும் அம்மாவின் ஊர் ஓடுபாதையும் இப்படி ஒரே கதைக்குள் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஞாயிறு காலை அம்மாவே படிவத்தை நேராக்கி ஒட்டியிருந்தா.

"பிள்ளை பறக்கட்டும். பறக்கிறது பிழையில்லை. ஆனா மேல இருக்கேக்க கீழயும் ஆக்கள் இருக்கினம் எண்டு தெரிஞ்சுகொண்டு பறக்கட்டும்."

நான் கையெழுத்துப் போட்டேன். நீங்களும் இந்த நிலையில் இருந்தால், நான் விசாரித்து அறிந்த சிலதைச் சொல்கிறேன். கடெட்ஸில் சேர்ந்தால் பிற்காலத்தில் படையில் சேரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆனால் இந்த நாட்டில் பெற்றோர் சம்மதித்தால் பதினாறு வயதிலேயே படையில் சேரமுடியும். ஆகவே அந்தப் பேச்சு வீட்டில் வரும். அது பதினாறில் திடீரென்று வரக்கூடாது. பன்னிரண்டிலேயே தொடங்குவது நல்லது. எங்கள் வீட்டில், அவள் பதினெட்டு வயதுக்கு முதல் அப்படி ஒரு தாளில் நாங்கள் கையெழுத்துப் போடமாட்டோம் என்று இப்போதே சொல்லிவிட்டோம். முகத்தைச் சுளித்தாள். பரவாயில்லை.

இன்னொன்று. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் இப்படியான படிவங்களை அவர்களுக்கும் காட்டுங்கள். நான் காட்டவில்லை, அவவாகத்தான் கண்டா. கேட்டால் பழைய கவலையைக் கிளறிவிடுவோமோ என்று பயந்து நாங்கள் கேட்காமல் விடுகிறோம். கேட்காமல் விட்டதால்தான் அம்மா முப்பது வருசத்துக்கு மேலாக அந்தச் சத்தத்தைத் தனியே கேட்டுக்கொண்டிருந்தா. சொல்ல விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள். சொன்னால் போனில் பதிவுசெய்து வையுங்கள்.

மகளுக்குச் சீருடை வந்துவிட்டது. காற்சட்டை இரண்டு அங்குலம் நீளம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, யன்னல் வெளிச்சத்தில் இருந்து மடித்துத் தைத்தா. கடெட்டுகளை முதலில் ஏற்றுவதும் இரண்டு பேர் இருக்கிற சின்னப் பயிற்சி விமானத்தில்தானாம். அந்த நாளுக்குத் தானும் வருவாவாம். நிலத்தில் நின்று பார்ப்பாவாம்.

"சத்தம் கேக்குமே அம்மா" என்றேன்.

"கேக்கட்டும். மேல இருக்கிறது எங்கட பிள்ளைதானே" என்றா.